கருப்பு அங்கிக்கு என்ன விலை?

சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் யாவரும் வழக்கறிஞர் அல்லர். பட்டம் வாங்கிய மறுநாள் காலையிலேயே, கருப்பு அங்கியைப் போர்த்திக் கொண்டு, சேலம் நீதிமன்றத்திலே நுழைந்து, ஏழையொருவனுக்காக ஓர் இளைஞன் வாதாட எழுந்தால், அவனைப் பாராட்ட மாட்டார்கள். பதிவு எங்கே என்று கேட்பார்கள். பதிவின்றி வழக்காடினால் ஆறு திங்கள் வரை சிறை என்று 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 45ஆம் பிரிவில் எச்சரிக்கிறது. கல்லூரி வாயிலுக்கும் நீதிமன்ற வாயிலுக்கும் இடையே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் எத்தனை படி, எத்தனை பள்ளம், எத்தனை சுங்கச்சாவடி என்பதை எண்ணிப் பார்த்திட விரும்புகிறோம்.

எண்ணிப் பார்க்க வேண்டிய காலமும் இதுவே. முன்னாளில் சேலம் சீமைப் பிள்ளை சட்டம் படிக்க விரும்பினால், 1891இல் தொடங்கப்பட்ட சென்னைச் சட்டக் கல்லூரியை நாடிப் போக வேண்டும். அதனினும் மேலே ஆசைப்பட்டால் கப்பலேற வேண்டும். குமாரமங்கலம் ஜமீன் வீட்டுச் சுப்பராயன் ஆக்ஸ்போர்டு வரை சென்று படித்தார், வழக்கறிஞரானார், 1926இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சருமானார். அவருடைய ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே சீமையில் ஏர் பிடித்த உழவனுடைய பிள்ளைக்குக் கப்பல் சீட்டு யார் வாங்கித் தந்திருப்பார்கள்?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1984இல் சேலத்திலே தனியார் சட்டக் கல்லூரி வந்தது. 2019இல் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அரசு சட்டக் கல்லூரிகளே வந்தன. பள்ளிபாளையத்துத் தறிக்காரர் மகள் சட்டம் படிக்கிறாள். இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியின் மகன் படிக்கிறான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியவரின் பிள்ளை, அரசியலமைப்புச் சட்டத்தைக் கையிலே வைத்திருக்கிறான். படிப்புக்குச் செல்லும் வாயில் திறந்துவிட்டது. தொழிலுக்குச் செல்லும் வாயில் திறந்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

அந்த வாயிலின் வரலாறு வேடிக்கையானது. வெள்ளையர் ஆட்சியிலே அது ஒரு வாயிலாக இல்லை. பாரிஸ்டருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, பிளீடருக்கு ஒன்று, முக்தியாருக்கு ஒன்று எனத் தொழிலுக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் இருந்தது. அந்நாளிலும், கல்லூரி வகுப்பில் அமராமல் தாமே படித்துத் தேறியவர் உண்டு. சேலம் விஜயராகவாச்சாரியார் அப்படித்தான் 1881இல் பிளீடர் ஆனார். மறு ஆண்டே சேலம் கலவர வழக்கிலே தம்மையே குற்றவாளிக் கூண்டில் காண நேர்ந்து, மேல்முறையீட்டில் விடுதலையானார். நம் பகுத்தறிவுத் தோழர்கள் போற்றும் இங்கர்சாலும் சட்டக் கல்லூரியின் படி மிதித்தவரல்லர். வழக்கறிஞர் அலுவலகத்திலே அமர்ந்து நூல்களைப் புரட்டி, 1854இல் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞரானவர்.

ஆண்களுக்கேனும் ஏதோ ஒரு வாயில் இருந்தது. பெண்களுக்கோ சுவர்! 1916இல் ரெஜினா குஹா என்ற பட்டம் பெற்ற பெண், தம்மைப் பிளீடராகப் பதிவு செய்யுமாறு கேட்டபோது, கல்கத்தா உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. படிப்பிலே குறையா? இல்லை. பெண்ணாகப் பிறந்ததே குறை! 1923இல் தனிச் சட்டம் இயற்றிய பின்னரே அந்தச் சுவர் இடிந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பல வாயில்களையும் அடைத்து, 'வழக்கறிஞர்' என்ற ஒரே வாயிலைத் திறந்தது. 2018இல் அதே வாயில் வழியாகத் திருநங்கை சத்யஸ்ரீ ஷர்மிளா, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலிலே பதிவு பெற்று, இந்நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞர் என்ற பெருமையைத் தேடிக்கொண்டார். சுவர்கள் தாமாக விழுவதில்லை. தட்டியவர்கள் இருந்தார்கள், விழுந்தன.

சரி, இன்று சட்டம் என்னதான் கேட்கிறது? 24ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட சட்டப் பட்டம் வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்தவருக்கு ஐந்தாண்டு, பட்டதாரிக்கு மூன்றாண்டு. பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். குலம் என்ன என்று அப்பிரிவு கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, அப்பன் யார், பாட்டன் யார் என்று கேட்கவில்லை. அதோடு 24-ஏ பிரிவையும் படியுங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரையும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டப்படி தண்டனை பெற்றவரையும் பதிவு செய்யலாகாது என்கிறது. விடுதலையாகி இரண்டாண்டு கழியும் வரை அந்தத் தடை நீடிக்கும். சக மனிதனைத் தீண்டமாட்டேன் என்றவனுக்குச் சட்டத்தைத் தீண்டும் தகுதி இல்லை! நாட்டின் சட்டங்களிலே நாம் மகிழ்ந்து படிக்கும் வரிகளிலே அதுவும் ஒன்று.

எழுதிய சட்டம் இவ்வளவு நேர்மையாக இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். நாம் கண்டதைச் சொல்கிறோம்.

நாம் கூடும் படிப்பகத்துக்கு அண்மையில் ஒரு மாலை, தறிக்காரர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் சட்டப் படிப்பை முடித்தவள். "ஏனுங்க, அஞ்சு வருசம் படிச்சுப் பாஸ் பண்ணிப்போட்டா போதாதுங்களா? இன்னும் என்னென்ன வேணுமுங்க?" என்றார் தந்தை. பதிவு விண்ணப்பத்தையும் விதிகளையும் மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு, நூல் பில் ஒன்றின் பின்புறத்திலே பட்டியல் போட்டோம். பதிவுக் கட்டணம், முத்திரைத் தாள், சான்றிதழ் நகல்கள், சென்னைக்குப் போய்வரும் செலவு, கருப்புக் கோட்டு, அங்கி, வெள்ளைக் கழுத்துப் பட்டை, அகில இந்தியத் தேர்வுக் கட்டணம் என்று வரிசையாய் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையைக் குறித்தாள் அந்தப் பெண். கடைசியாக, 'சீனியர்' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டாள். தந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அது எத்தனை ரூபாயிங்க?" என்று கேட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டியலின் முதல் வரியை எடுத்துக் கொள்வோம். சட்டம் குறித்த பதிவுக் கட்டணம் 750 ரூபாய். மாநிலப் பார் கவுன்சிலுக்கு 600, இந்தியப் பார் கவுன்சிலுக்கு 150. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். 1993இல் நாடாளுமன்றம் வகுத்த கணக்கு இது. நடந்ததோ வேறு. நூலகம், நலநிதி, அடையாள அட்டை, இன்னபிற பெயர்களால் நாடெங்கும் கட்டணம் பெருத்தது. ஒடிசாவில் அது 42,000 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று, கௌரவ் குமார் வழக்கிலே உச்சநீதிமன்றம், சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. மிகைக் கட்டணம் நலிந்த பிரிவினரை இத்தொழிலிலிருந்து விலக்கி வைக்கிறது என்பதையும் எடுத்துரைத்தது. 2025 ஆகஸ்டிலே, 'விருப்பக் கட்டணம்' என்று பெயர் மாற்றி வாங்குவதும் கூடாது என்று மீண்டும் சொல்ல நேர்ந்தது. சட்டத்தைக் காக்க வருபவனிடம், சட்டத்தை மீறிய கட்டணத்தை முதல் நாளிலேயே வாங்கிய முறைக்கு, இத்தனை ஆண்டுக்குப் பின் ஒரு முடிவு!

அடுத்த வரி, தேர்வு. 1961இல் சட்டம் வந்தபோது, பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றிருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. 1995இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சி விதி கொணர்ந்தது. 1999இல் சுதீர் வழக்கிலே உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2010இல் அகில இந்தியப் பார் தேர்வு அறிவிக்கப்பட்டு, 2011இல் முதன்முதலாக நடந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று, ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் தேர்வை ஏற்றுக்கொண்டது.

தேர்வே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அமெரிக்காவிலே விஸ்கான்சின் மாநிலம், தன் சட்டக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவரைத் தனித் தேர்வின்றியே ஏற்கிறது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் கடுந்தேர்வு வைக்கின்றன. இரு முறைக்கும் காரணம் உண்டு. அரைகுறை மருத்துவனிடம் உடலும், அரைகுறை வழக்கறிஞனிடம் உரிமையும் போகும். அப்படிப் பறிபோவது பெரும்பாலும் ஏழையின் உரிமையே. எனவே தேர்வு இருக்கட்டும். ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். 2024 டிசம்பரிலே நடந்த 19ஆம் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் 3,500 ரூபாயும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 2,500 ரூபாயும் கட்டினார்கள். பதிவுக்கு 125 ரூபாய். தேர்வுக்கு 2,500 ரூபாய். இருபது மடங்கு! முன்வாயிலில் இறக்கிய சுமையைப் பின்வாயிலில் ஏற்றுவதா சமநீதி?

இனி, கேள்விக்குறி போட்ட கடைசி வரி. தொழிலைக் கற்க மூத்த வழக்கறிஞரிடம் சேர வேண்டும். நூலில் இல்லாத நுட்பங்களை, மனு எழுதும் முறையை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் கலையை அங்கேதான் கற்க முடியும். அந்தப் பெண் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். "உங்க சொந்தத்துலே யாரும்மா வக்கீல்?" என்பதே முதற் கேள்வி. 24ஆம் பிரிவு கேட்காததை அந்த நாற்காலி கேட்டது! யாருமில்லை என்றாள். பார்க்கலாம் என்றார்கள், சம்பளத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

சம்பளமில்லையேல் வேறு வேலை செய்து பிழைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு விழுகிறது. பதிவு பெற்றுத் தொழில் நடத்தும் வழக்கறிஞர் எங்கும் முழுநேரச் சம்பள வேலை பார்க்கலாகாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. வழக்கறிஞர் எவருக்கும் அடிமையாகாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த விதிதான். ஆயினும் விளைவென்ன? விதி வேறு சம்பளத்தைத் தடுக்கிறது. வழக்கம் இங்கே சம்பளத்தை மறுக்கிறது. இரண்டுக்கும் இடையே மூன்றாண்டு, நான்காண்டு பசி பொறுக்க வல்லவன் யார்? வீட்டிலே சொத்துள்ளவன்! பாட்டன் கட்டிய அலுவலகம் உள்ளவன்! குலத்தொழில் முறையை எந்தச் சட்டமும் இங்கே எழுதி வைக்கவில்லை. வெறும் வயிறே எழுதி வைக்கிறது.

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் திங்களுக்கு 20,000 ரூபாயும், ஏனைய மாவட்டங்களில் 15,000 ரூபாயும் வழங்கிட ஏற்பாடு செய்யுமாறு பார் கவுன்சிலைப் பணித்தது. அதே ஆண்டு அக்டோபரிலே இந்தியப் பார் கவுன்சிலும், நகர்ப்புறத்துக்கு 20,000, ஊர்ப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதுதான்; ஆனால் பரிந்துரையை உலையிலிட்டுச் சோறாக்க முடியாதே! மூத்தவர்களிலும் வருவாய் குறைந்தவர் பலர் என்பதை நாம் அறிவோம். அத்தகையோரிடம் பயிலும் இளைஞர்க்கு அரசும் நலநிதியும் பங்கு தரட்டும். தந்தாலொழிய, இந்தக் கதவு பாதி திறந்த கதவே.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டிய பணிகள் நம் முன்னே இருக்கின்றன. பதிவுக்குப் போகும் ஒவ்வொருவரும் 750, 125 என்ற இரண்டு எண்களையும் மனத்திலே பதித்துக்கொண்டு போகட்டும். அதற்கு மேல் கேட்டால் எந்தச் சட்டப்படி என்று கேட்கட்டும். கட்டிய தொகைக்கு இரசீது வாங்கட்டும். படிப்பகம் தோறும் விண்ணப்பம் நிரப்பவும் தேர்வுக்குப் பயிலவும் ஒரு மேசையை ஒதுக்குவோம். தேர்வுக் கட்டணத்தைக் குறைக்கவும், உதவித் தொகையைப் பரிந்துரையிலிருந்து விதியாக உயர்த்தவும் குரல் எழுப்புவோம்.

நம்மிலே முன்னேறி, சொந்த அலுவலகமும் சொந்தப் பெயரும் பெற்றுவிட்ட வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் தொழில் பயில வரும் பிள்ளையிடம், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேளாதீர்கள். "என்ன படித்தாய்? எந்த வழக்கைப் படித்துக் கொதித்தாய்?" என்று கேளுங்கள். பிறகு ஒரு நாற்காலியும், திங்கள் முதல் நாள் ஒரு சம்பள உறையும் கொடுங்கள்.