ஹாட்மெயிலை அவுட்லுக் என்று திருத்தாதீர்கள்

பழைய ஆய்வுக் கட்டுரைகளின் முதற்பக்க அடியில், பொடி எழுத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். படிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. எனக்கோ கடந்த ஒன்றரை ஆண்டுகளாக அந்த ஒரு வரிதான் கட்டுரையின் தலையாய வரியாக இருந்துவருகிறது. தெலங்கானாவின் நல்கொண்டா வட்டாரத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடின் அளவு காலப்போக்கில் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பது என் ஆய்வுப்பொருள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கத்தக்கது என்றும் வகுத்திருக்கிறது. எந்தக் கிணறு எந்த ஆண்டில் அந்த எல்லையைக் கடந்தது என்று அறிய வேண்டுமானால், 1990களின் இறுதியில் ஊர் ஊராகச் சென்று நீர் எடுத்தவர்களின் குறிப்பேடுகள் வேண்டும். அச்சான கட்டுரைகளில் சராசரியும் உச்ச அளவும்தான் கிடைக்கின்றன. கிணறுவாரியான பட்டியல் அதை எடுத்தவரின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அவரை அடைய நம்மிடம் உள்ள ஒரே நூல் அந்தப் பொடி எழுத்து முகவரி.

இப்படித் திரட்டிய பட்டியலில் ஹாட்மெயில் முகவரிகள் ஏராளம். இன்று வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்தில் நம் கல்லூரித் துறைகள் பலவற்றில் இணைய இணைப்பு உள்ள கணினி ஒன்றே ஒன்று இருக்கும். அதுவும் துறைத்தலைவரின் அறையில். தனக்கென ஒரு முகவரி வேண்டியவர் வெளியே உள்ள இணைய மையத்தில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, இலவசச் சேவை ஒன்றில் பதிந்துகொள்வார். எந்த ஊரின் எந்தக் கணினியிலிருந்தும் உலாவி வழியாகவே அஞ்சல் படிக்கலாம் என்ற வசதியுடன் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் வெளிவந்தது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவர் சபீர் பாட்டியா, மற்றவர் ஜாக் ஸ்மித். உலாவிப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். என்பதன் நான்கு எழுத்துகளும் பெயருக்குள் ஒளிந்திருக்கும்படி அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மறு ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பெட்டியின் கொள்ளளவு 2 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. அந்தப் பெட்டியை நம்பித்தான் ஒரு தலைமுறை இந்திய ஆய்வாளர்கள் தம் முகவரியை உலகுக்கு அறிவித்தார்கள்.

எங்கள் திட்டத்தில் தரவுப் பதிவு பார்க்கும் தம்பி ஒருவர் மிகுந்த சுறுசுறுப்பானவர். நான் அனுப்பிய எக்செல் கோப்பில் ‘தேடி மாற்று’ வசதியைப் பயன்படுத்தி, ஹாட்மெயில்.காம் என்று முடிந்த அனைத்தையும் அவுட்லுக்.காம் என்று ஒரே நொடியில் திருத்தி வைத்திருந்தார். “அக்கா, ஹாட்மெயிலை 2013இலேயே மூடிவிட்டார்கள். எல்லாரும் அவுட்லுக்குக்கு மாறியாயிற்று” என்றார். கோப்பு அப்படியே அஞ்சலுக்குப் போவதற்கு முதல்நாள் மாலை அது என் கண்ணில் பட்டது. அவர் சொன்னதை முழுப்பொய் என்று தள்ள முடியாது. படித்தவர்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆதலால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

2012 ஜூலை இறுதியில் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்.காம் என்ற புதிய அஞ்சல் சேவையை முன்னோட்டமாக வெளியிட்டது. 2013 மே மாதத்துக்குள் ஹாட்மெயில் பயனர்கள் அனைவரும் அந்தப் புதிய பக்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். மாறியவை பக்கத்தின் தோற்றமும் சேவையின் பெயரும் பின்னிருந்த கட்டமைப்பும்தான். முகவரிகளை யாரும் மாற்றவில்லை. ஹாட்மெயில்.காம் என்று முடிந்த முகவரி அன்றும் ஹாட்மெயில்.காம் என்றே முடிந்தது, இன்றும் அப்படியே முடிகிறது, கடிதமும் வாங்குகிறது. எம்எஸ்என்.காம், லைவ்.காம், நம் நாட்டவர் சிலர் வைத்திருக்கும் லைவ்.இன் ஆகியவையும் அவ்வாறே. புதிதாகச் சேர்வோருக்கு இப்போது முதலில் நீட்டப்படுவது அவுட்லுக்.காம் என்பது மட்டுமே வேறுபாடு.

அட் குறிக்குப் பின்னால் வரும் இந்தப் பகுதியைத்தான் டொமைன் என்கிறோம். அது ஓர் இடத்தின் பெயர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது பதிவேட்டில் உள்ள ஒரு பெயர் மட்டுமே. நீங்கள் கடிதம் அனுப்பியதும் உங்கள் அஞ்சல் வழங்கி, அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை யார் வாங்குகிறார்கள் என்று பொதுப் பதிவேட்டில் கேட்கிறது. விடையில் வரும் கணினிக்குக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஹாட்மெயில்.காம் என்ற பெயருக்கு இன்று இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், விடையாக வரும் கணினியின் பெயரே அவுட்லுக்.காம் என்றுதான் முடிகிறது. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முகவரிகளும் இப்படித்தான்: பின்னால் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், கடிதமோ கூகுளின் வழங்கியிலோ மைக்ரோசாஃப்டின் வழங்கியிலோ போய் உட்காரும்.

பதிவேட்டில் பெயர் என்றேன். அதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. 1999 டிசம்பரில், ஹாட்மெயிலில் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் மக்கள் பெட்டியைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்த லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைப் புதுப்பித்தார். பல கோடிப் பேரின் கடிதப் போக்குவரத்து சில நாள்கள் ஒரு தனிமனிதரின் கடனட்டையில் நின்றிருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த கதை.

நிற்க. இரண்டு பெயர்களுக்கும் கடிதம் ஒரே நிறுவனத்துக்குத்தான் போகிறது என்றால், எதைப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஓர் அஞ்சல் நிலையம் இரண்டு தெருக்களுக்குக் கடிதம் வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தெருக்களிலும் 12ஆம் எண் வீடு உண்டு. அஞ்சல் நிலையம் ஒன்று என்பதால் அவ்வீடுகளில் இருப்பவர் ஒருவராகிவிட மாட்டார். ஹாட்மெயில்.காமில் ஒரு பெயரை 1998இல் ஒருவர் பதிந்திருப்பார். அதே பெயரை அவுட்லுக்.காமில் பின்னாளில் முற்றிலும் வேறொருவர் பதிந்திருக்கலாம். ரெட்டி, ராவ், குமார் என்று முடியும் பெயர்களில் இது நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. கூகுளில் ஜிமெயில்.காம், கூகுள்மெயில்.காம் இரண்டும் ஒன்றே; வணிகப் பெயர் வழக்குகளால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சில ஆண்டுகள் இரண்டாவது பெயர் வழங்கியது. எதை எழுதினாலும் கடிதம் அதே ஆளிடம் சேரும். ஆப்பிளில் மேக்.காம் முகவரியைத் தொடக்கம் முதல் விடாமல் வைத்திருப்பவருக்கு, மீ.காம், ஐகிளவுட்.காம் என்ற பின்னாளைய பெயர்களிலும் அதே முன்பகுதி உரியது. இவற்றைப் பழகியவர் மைக்ரோசாஃப்டிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. புள்ளி விஷயத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஜிமெயில் முன்பகுதியில் உள்ள புள்ளிகளைப் பொருட்படுத்தாது. அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளில் புள்ளியும் ஓர் எழுத்துக்குச் சமம்.

எங்கள் கடிதத்தோடு ஓர் இணைப்பும் போகவிருந்தது. பழைய கட்டுரைகளின் பின்னிணைப்புகளிலிருந்து பெயர்த்தெழுதிய அட்டவணை அது: கிணற்றுக்கு உரிய குடும்பத்தலைவர் பெயர், ஊர், அவ்வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் கறை எந்த நிலையில் உள்ளது என்ற குறிப்பு. சரிபார்த்துத் தரும்படி ஆசிரியரைக் கேட்பதற்காக இணைத்திருந்தோம். அந்த ஊர்களில் பல்லின் கறை பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பேச்சில் வரும் விஷயம். திருத்திய பட்டியலின்படி அனுப்பியிருந்தால், அவுட்லுக்கில் இல்லாத பெயர்களுக்குப் போனவை திரும்பி வந்திருக்கும், நமக்கும் தெரிந்திருக்கும். இருக்கும் பெயர்களுக்குப் போனவை ஓசையின்றி யாரோ ஒருவரின் பெட்டியில் விழுந்திருக்கும். கடிதம் திரும்பவில்லையே, சேர்ந்துவிட்டது என்று நாங்களும் மகிழ்ந்திருப்போம்.

பட்டியலைப் பழைய வடிவுக்கே மீட்டு, இணைப்பு ஏதுமில்லாமல் நான்கு வரியில் கடிதம் எழுதினோம்: இன்ன ஆண்டு இன்ன இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர் தாங்கள்தானா? சில திரும்பி வந்தன. சிலவற்றுக்கு எந்தப் பதிலும் இல்லை. ஒன்பதாம் நாள் ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவரிடமிருந்து விடை வந்தது. நாங்கள் எழுதியது ஹாட்மெயில் முகவரிக்கு. விடை வந்ததோ அவுட்லுக்.காம் முகவரியிலிருந்து, அதுவும் முன்பகுதியே வேறாக. குழுவில் ஒருவர் இது மோசடி என்றார். அப்படிச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றுக்குப் பல முகவரிகளை மாற்றுப்பெயர்களாகச் சேர்க்கலாம். எல்லாம் ஒரே பெட்டியில் விழும். எதிலிருந்து அனுப்புவது என்பதை உரியவர் தேர்ந்துகொள்வார். பழையதை நீக்காதவரை அதற்கும் கடிதம் வந்துகொண்டிருக்கும். நீக்கிவிட்டாலோ, அந்த ஹாட்மெயில் முகவரியைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. கட்டுரையில் இடம்பெறாத ஒரு விவரத்தை, மாதிரிகள் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டன என்பதை, அவரிடம் கேட்டோம். மாதத்தோடு அன்று ஜீப்பு பழுதான ஊரின் பெயரையும் சேர்த்து எழுதினார். பிறகு 212 கிணறுகளின் அளவுகளை, கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவைத்தார்.

இவருடைய வேறொரு கட்டுரையில் பணியிட முகவரி அச்சாகியிருந்தது. அதற்கு எழுதியது அன்றே திரும்பி வந்தது. மூன்று பணியிடங்கள் மாறியும் ஓய்வுபெற்றும் அவரோடு வந்தது அந்த இலவச முகவரி மட்டுமே. இந்த முரணை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கூட்டுக் கட்டுரையை ஓர் ஆய்விதழின் வலைவாயிலில் பதிவேற்றியபோது, அவருடைய முகவரியை அது ஏற்க மறுத்தது. ‘நிறுவன முகவரி தருக’ என்றது. நிறுவனத்தின் பெயர் முகவரியில் இருந்தால் ஆள் மெய்யானவர் என்பது அவர்கள் கணக்கு. போலி ஆய்வாளர்கள் மலிந்துவிட்ட காலத்தில் அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் பணியிலிருந்து விலகிய மறுமாதமே பறிக்கப்படும் முகவரி, 25 ஆண்டு கழித்து ஒருவரைத் தேடிவரும் வாசகருக்கு எவ்வகையில் உதவும்? என் ஆய்வேடு முடிந்தால் எனக்குள்ள பல்கலைக்கழக முகவரியும் போய்விடும்.

இலவச முகவரி சாசுவதம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஹாட்மெயிலில் 30 நாள் நுழையாமல் இருந்தாலே பெட்டி முடக்கப்படும். களப்பணிக்குப் போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேர் அப்படிக் கடிதங்களை இழந்தார்களோ! இப்போதைய விதி தாராளமானது: கணக்கு நிலைக்க இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் நுழைய வேண்டும், பெட்டியில் உள்ள அஞ்சல் நிலைக்க ஆண்டுக்கு ஒருமுறை. பழைய ஹாட்மெயில், லைவ் முகவரி வைத்திருக்கும் மூத்தவர்கள் உங்கள் வீட்டிலோ துறையிலோ இருந்தால், இந்த வாரமே ஒருமுறை உள்நுழையச் சொல்லுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால், மீட்புக்குக் கொடுத்த கைப்பேசி எண் இன்னும் அவரிடம் உள்ளதா என்றும் பாருங்கள்.

எங்கள் கோப்பில் இப்போது முகவரிக்கு இரண்டு பத்திகள் உள்ளன. ஒன்றில் கட்டுரையில் அச்சான வடிவம், எழுத்துப் பிழை இருந்தாலும் உள்ளது உள்ளபடி. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. மற்றதில் உரியவரே எழுதி உறுதிசெய்த முகவரியும் தேதியும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அதே தம்பிதான். பதிலே வராத ஏழு பேருக்கு அடுத்த வாரம் தாளில் கடிதம் எழுதுகிறோம். கட்டுரைகளில் அஞ்சல் குறியீட்டு எண்ணோடு வீட்டு முகவரியும் இருக்கிறது.