உறையும் பனி, உறையாகும் பனி

பெங்களூரு, அல்சூரில் ஒரு வாடகை வீடு. நீரிழிவு உள்ள பாட்டி ஒருவரின் இன்சுலின் குப்பிகள் ஒற்றைக் கதவுக் குளிர்பதனப் பெட்டியில், ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் இருந்தன. ஆகஸ்டு மழையில் ஃப்ரீசரைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பனி படர்ந்தது. "எவ்ளோ ஐஸ் புடிச்சிருக்கு பாரு, பொட்டி நல்லா வேலை செய்யுது" என்றார் பாட்டி. ஆனால் அடித்தட்டில் பால் திரிந்துகொண்டிருந்தது. மகன் தெர்மோஸ்டாட் குமிழை முழுவதும் திருப்பினார். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. பனி மேலும் தடித்தது.

இத்தகைய பெட்டியில் ஃப்ரீசரின் அலுமினியச் சுவரே வெப்பத்தை உறிஞ்சும் பரப்பு. கதவைத் திறக்கும்போதெல்லாம் மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. அதிலுள்ள ஒவ்வொரு கிராம் நீராவியும் அச்சுவரில் பனியாகும்போது ஏறத்தாழ 2.8 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அதையும் இயந்திரமே வெளியேற்றியாக வேண்டும்.

அடுத்த இழப்பு இதனினும் பெரிது. அலுமினியத்தின் வெப்பங்கடத்துதிறன் 200 அலகுக்கு மேல். கெட்டிப் பனிக்கட்டிக்கு 2.2 அளவே. புதிதாகப் படியும் பனியின் இடுக்குகளில் காற்று சிறைப்பட்டிருப்பதால் அதற்கு இதனினும் குறைவு. கீழ்த்தட்டுகளின் வெப்பம் சுவரை எளிதில் எட்டாது. அதை ஈடுசெய்யச் சுவர் மேலும் குளிர வேண்டும். சுவர் குளிரக் குளிர, அதே அளவு வெப்பத்தை வெளியேற்றக் கூடுதல் மின்சாரம் செலவாகும்.

சிறைப்பட்ட காற்றின் இந்த ஆற்றலை வணிகர்கள் முன்பே அறிந்திருந்தனர். 1833இல் பாஸ்டனிலிருந்து கொல்கத்தாவுக்குக் கப்பலில் வந்த பனிக்கட்டி, நான்கு மாதப் பயணத்தைத் தாங்கியதில் காற்றடைத்த காப்புப் பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வணிகத்துக்காகச் சென்னையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸே இன்றைய விவேகானந்தர் இல்லம். கப்பலில் குளிரைக் காத்த அதே காற்று, ஃப்ரீசர் சுவரில் குளிருக்குத் தடையாகிறது.

தமிழில் 'உறை' என்றால் இறுகுதல். தலையணைக்கு இடும் போர்வையும் உறையே. அகராதிகள் இவற்றைத் தனித்தனியே தருகின்றன. ஃப்ரீசரிலோ இரண்டும் ஒன்றாகின்றன: உறைந்த பனியே சுவருக்கு உறையாகிறது.

அந்த வீட்டில் உண்மை ஒரு காலையில் வெளிப்பட்டது. அடித்தட்டில் பால் கெட்டிருந்தது; மேல்தட்டில் இன்சுலின் உறைந்திருந்தது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்தால், உருகிய பின்னும் அது பயன்படாது. உருகிய குப்பியைப் பார்த்து அதைக் கண்டறிவதும் கடினம். அன்று சற்றுத் தாமதமாகக் கதவைத் திறந்திருந்தால், பாட்டி அதையே ஊசியில் ஏற்றியிருப்பார்.

பனியைப் பெயர்க்க மகன் கத்தியை எடுத்தார். சுவருக்குள் ஓடும் குழாயில் துளை விழுந்தால் குளிரூட்டும் வாயு கசிந்துவிடும் என்று மனைவி தடுத்தார். டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திக் காத்திருந்தனர். புதிதாக வாங்கிய குப்பிகள் அன்றிரவு ஈரத்துணி சுற்றிய மண்பானையில் இருந்தன.

இப்போது பனி 5 மில்லிமீட்டரை எட்டுமுன்பே பாட்டி பொத்தானை அழுத்திவிடுகிறார். குப்பிகள் நடுத்தட்டில், ஒரு சிறு வெப்பமானியின் அருகில் இருக்கின்றன.