இருளில் சேர்ந்து அமர்தல்

ஐம்பது வயதைக் கடந்த பங்குக் குரு ஒருவர் திரைப்படம் ஒன்றிற்காக ஆவலோடு காத்திருக்கிறார் என்றால் வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். நான் காத்திருப்பது புகழ்பெற்ற நடிகர்களின் படத்திற்காக அன்று. மனச்சான்றைச் சீண்டும் அரசியல் ஆவணப்படம் ஒன்றை, தியாகராய நகரிலோ அடையாற்றிலோ, நுழைவுச்சீட்டு வாங்கி, முன்பின் அறியாதவர்களின் நடுவே அமர்ந்து பார்க்கும் மாலைக்காகவே காத்திருக்கிறேன்.

என் சிறுவயதில் ஆவணப்படம் திரையரங்கிற்கு அந்நியமாக இருந்ததில்லை. மயிலையின் காமதேனு, தியாகராய நகரின் நாகேஷ் போன்ற, இன்று மறைந்துவிட்ட அரங்குகளில் கதைப்படத்திற்கு முன்னர் அரசின் ‘ஃபிலிம்ஸ் டிவிஷன்’ தயாரித்த செய்திப்படம் ஓடும். அணைக்கட்டு, அமைச்சரின் வருகை, வெள்ள நிவாரணம் என்று அது நகரும். அதில் விடைகள் மட்டுமே இருந்தன, கேள்விகள் இருந்ததில்லை.

கேள்வி கேட்ட படங்களுக்கோ கதவு எளிதில் திறக்கவில்லை. கே. ஏ. அப்பாஸ் 1968-இல் எடுத்த குறும்படம் ஒன்று கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டியது. அனைவரும் பார்க்கத்தக்கது என்னும் ‘யு’ சான்றிதழ் மறுக்கப்படவே அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்தது. எனினும் அவர் முன்தணிக்கை முறையையே எதிர்த்து வாதாடினார். 1970-இல் வந்த தீர்ப்பு தணிக்கையை ஏற்றுக்கொண்டது. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உள்ளத்தை ஆழமாக அசைக்கிறது என்பதே நீதிபதிகள் கண்ட காரணம். அஞ்சுவோர் அஞ்சுவதும் அதனால்தான். நான் காத்திருப்பதும் அதனால்தான்.

ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ (1992) படத்தைக் குருமட நாள்களில் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தேன். பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட படம் அது. நீதிமன்றத்தால் நியமிக்கப்பெற்ற அயோத்திப் பூசாரி லால்தாஸ் அதில் பேசுகிறார். இறைவனின் பெயரால் நடப்பது வாக்குக்கும் பணத்துக்குமான முயற்சியே என்று தம் சமயத்தாருக்கே பதற்றமின்றி எடுத்துரைக்கிறார். 1993-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறையுரைக்காக எழுந்து நிற்கும்போது சில ஞாயிறுகளில் அந்த முகம் என் கண்முன் வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லப்போகிறேனா, கேட்போர் விரும்புவதைச் சொல்லப்போகிறேனா என்று அது வினவும்.

திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) நமக்கு இன்னும் அருகில் நிற்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் தமிழகத்தில் அது தொடர்ந்ததை, அப்பணியில் உள்ளவர்களும் உறவினரை இழந்தவர்களும் தம் வாயாலேயே சொல்கின்றனர். பல இடங்களில் திரையிடல் தடுக்கப்பட்டது. மக்கள் அதை யூடியூபில் பார்த்தனர். நானும் கைப்பேசியில்தான் பார்த்தேன். மயிலைத் தெருக்களில் பாதாளச் சாக்கடையின் மூடியைக் கடக்கும்போதெல்லாம் அப்படம் நினைவுக்கு வருகிறது.

கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, திரையரங்கு எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியில் துன்புறுவோரின் முகம் உள்ளங்கையளவே. விரும்பாதபோது விரலால் தள்ளிவிடலாம். அரங்கிலோ அம்முகம் நம்மைவிடப் பெரியது. அதன்முன் கட்டட உரிமையாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே இருளில் அமர்ந்திருப்பர். அடுத்த இருக்கையில் ஒருவர் விம்முவது காதில் விழும்போது, இது என் தனிப்பட்ட வருத்தம் அன்று, நம் பொதுக் கடன் என்பது விளங்கும்.

சீண்டும் படமெல்லாம் உண்மையான படம் ஆகிவிடாது என்பதையும் நான் மறுக்கவில்லை. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பது இயக்குநரின் தேர்வு. வலியோரைக் கேள்வி கேட்பது ஒருவகைச் சீண்டல். எளியோர்மீது வெறுப்பை மூட்டுவது வேறுவகை. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு பார்வையாளருடையது. அப்பொறுப்பைத் தணிக்கை வாரியத்திடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டால் நாம் என்றும் சிறுபிள்ளைகளாகவே இருப்போம்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ (2004) பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நம் நாட்டில் அரவிந்த் கெஜ்ரிவாலின் அரசியல் நுழைவைப் பதிவுசெய்த ‘ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்’ படத்திற்கு, பிரதமரிடமே தடையின்மைச் சான்று கேட்டது தணிக்கை வாரியம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழிவிட்டது. உச்ச நீதிமன்றமும் தடைவிதிக்க மறுத்தது. 2017 நவம்பரில் படம் திரையரங்குகளுக்கு வந்தது. அந்தத் தீர்ப்பாயமே 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது என்பது வருத்தத்திற்குரியது. எனினும் ஒருமுறை திறந்த கதவு மீண்டும் திறக்கும்.

அன்பர்களே, அத்தகைய படம் நம் பகுதிக்கு வரும்போது ஆளில்லா இருக்கைகள் அதை வரவேற்றால், அடுத்த படத்தைத் திரையிட எந்த அரங்க உரிமையாளரும் துணியமாட்டார். தடைக்கு எதிராக நாம் முழங்க வேண்டியதில்லை. சென்று அமர்ந்தால் போதும். படம் முடிந்து விளக்கு எரியும்போது, பக்கத்தில் இருப்பவரிடம், ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்போம். அந்த உரையாடலுக்காகவே நான் காத்திருக்கிறேன்.