கார் இல்லாத பாக்கியசாலி

இங்கிலாந்தில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று ஏரிகளும் குன்றுகளுமாக ஒரு பிரதேசம். "கார் இல்லாமல் போகாதே" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கார் வாங்க வக்கில்லாத பி.காம். ஆசாமி நான். 555-ம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ரைடலில் இறங்கி, மலையோரமாக நடந்து, கிராஸ்மியரில் அதே 555-ஐப் பிடிக்கலாம். சுமார் 2 மைல். பேரைக் கேட்டால்தான் கிலி: சவப்பெட்டிச் சாலை! ஒரு காலத்தில் கிராஸ்மியர் சர்ச்சுக்குப் பிணம் தூக்கிப்போன வழி. பெட்டியை இறக்கி வைத்த கல் இன்னும் இருக்கிறது. நானும் அங்கேதான் மூச்சு வாங்கினேன். கீழே ஏரி பளபளக்கிறது. கார்க்காரர்கள் பாவம், நிறுத்திய இடத்துக்கே திரும்பி நடக்கணும்!

இந்த வித்தைக்குக் குரு, ஆல்ஃபிரட் வெயின்ரைட். கெண்டல் நகராட்சியில் கணக்கு வழக்கு பார்த்த பொருளாளர். கார் ஓட்டத் தெரியாது. லீவு நாளில் பஸ் பிடித்துப் போய்ப் போய், 214 குன்றுகளுக்கு 7 வழிகாட்டிப் புத்தகம் போட்டுவிட்டார் (1955-66). எழுத்து, படம் எல்லாம் கைவேலை. கணக்குப்பிள்ளை என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் கவனிக்க!

ஒரே தொல்லை, கடைசி பஸ். எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டக்டரைத் தேடாதீர்கள், டிக்கெட்டும் டிரைவர்தான் கொடுப்பார்.