அட்வைஸ் பண்ணாதீங்க

ஆங்கிலத்தில் 'அட்வைஸ்' பெயர்ச்சொல், பன்மை கிடையாது. வினையாக்கினால் எழுத்தில் 'சி' போய் 'எஸ்' வரும். கடைசி ஒலி 'இஸட்' ஆகும். தங்காக்கில் டியூஷன் எடுக்கையில் இதைச் சொன்னால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். நம் பேச்சுத் தமிழில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் 'பண்ணு' போட்டால் எதுவும் வினைதான்: கட் பண்ணு, அட்வைஸ் பண்ணு.

ஆனால் ஆங்கிலத்தில் கொடுத்து வாங்குவது, இங்கே ஒருவர் மேல் இன்னொருவர் பண்ணுவதாகிவிட்டது. 'அட்வைஸ் பண்ணாதீங்க' என்பதைத்தான் அதிகம் கேட்கிறோம்.

தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது, பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி அப்படிப் பண்ணவில்லை. "சொல்றத சொல்லிட்டேன், கேக்குறது உன் இஷ்டம்யா" என்றார். காதில் வாங்குவதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும், எதிர்க்கேள்வி போடுவதும் கேட்பதுதான். மூன்றில் எது என்பதை அவனிடமே விட்டுவிட்டார்.