‘வூ’ யாருக்கு உரியது?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு மொழியின் தொடக்கநிலை வகுப்பில் சேரும் மாணவர், முதல் வாரத்திலேயே வணக்கச் சொற்களைக் கற்றுவிடுகிறார். பகலில் ‘போன்ஜூர்’, மாலையில் ‘போன்ஸ்வார்’, விடைபெறும்போது ‘ஓ ரெவ்வார்’, நெருங்கிய நண்பரிடம் மட்டும் ‘சால்யூ’. ‘போன் நுயி’ உறங்கச் செல்பவருக்கு உரியது. மாலையில் வந்து நிற்பவரை அப்படிச் சொல்லி வரவேற்கலாகாது. இவற்றை மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். யாரிடம், எந்த வரிசையில் இவற்றைச் சொல்வது என்பது பிடிபடத்தான் நெடுநாள் ஆகிறது. மொழிப்பாடம் சமூகப் பாடமாக மாறுவதும் அந்த இடத்தில்தான்.

முதலில் வரிசை. பிரான்சில் ரொட்டிக்கடைக்குள் நுழைபவர் ‘போன்ஜூர் மதாம்’ அல்லது ‘போன்ஜூர் மெஸ்யே’ என்று சொன்ன பிறகே தமக்கு வேண்டியதைக் கேட்கிறார். பேருந்து ஓட்டுநர், நூலக முகப்பில் அமர்ந்திருப்பவர், மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருக்கும் அயலார் என எல்லாரிடமும் இதே முறைதான். ‘மன்னிக்கவும்’ என்று பணிவாகத் தொடங்கினாலும் அது வணக்கத்துக்கு ஈடாவதில்லை. தமிழ்நாட்டு மளிகைக்கடையில் வணக்கம் சொல்லாமல் ‘அண்ணா, அரைக்கிலோ சர்க்கரை’ என்று கேட்பதில் எவரும் குறை காண்பதில்லை. அந்த ‘அண்ணா’வே எதிரில் இருப்பவரை மனிதராக ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகிவிடுகிறது. அயலாரை அழைக்க அத்தகைய உறவுச்சொல் பிரெஞ்சில் இல்லை. அந்த வேலையைப் ‘போன்ஜூர்’ செய்கிறது. ஆகவே அதை விட்டுவிட்டுப் பேசுபவர், எதிரில் இருப்பவரைப் பொருள் எடுத்துத் தரும் கருவியாக எண்ணுகிறார் என்றே அங்குள்ளோர் பொருள்கொள்கின்றனர்.

எழுத்திலும் இதே கவனம் தொடர்கிறது. ஆவணக் காப்பகத்துக்கோ அறிமுகமில்லாத பேராசிரியருக்கோ முறைப்படி எழுதும் கடிதத்தில், தொடக்கத்தில் அமைந்த விளி முடிப்பு வாசகத்திலும் அப்படியே திரும்ப வர வேண்டும். ‘மதாம்’ என்று தொடங்கிய கடிதம் ‘மதாம், என் மதிப்பார்ந்த வணக்கங்களை ஏற்றருள்க’ என்னும் பொருளில்தான் முடியும். மின்னஞ்சலில் இது ‘கோர்தியால்மான்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியுள்ளது. எனினும் தொடக்க வணக்கம் இல்லாத மடல் இன்றும் கடுமையாகவே ஒலிக்கிறது.

அடுத்தது ‘த்யூ’, ‘வூ’ என்னும் இரு முன்னிலைப் பெயர்கள். தமிழ் மாணவர் இவற்றை ‘நீ’, ‘நீங்கள்’ என்று உடனே பொருத்திக்கொள்கிறார். இந்தி மாணவர் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ ஆகிய மூன்றையும் இந்த இரண்டுக்குள் அடக்கப் பார்க்கிறார். இலக்கண அளவில் தமிழ்ப் பொருத்தம் சரியானதே. ‘நீங்கள்’ போலவே ‘வூ’வும் ஒருவரைக் குறிக்க வரும் பன்மைச் சொல்தான். சமூக அளவில் அது பிசகுகிறது. நம்மிடையே ‘நீங்கள்’ பெரும்பாலும் மேல்நோக்கிச் செல்லும் சொல். வயது, பதவி, பணம், சாதி என்னும் படிகளில் ஏறும் அச்சொல், இறங்கி வரும்போது ‘நீ’ ஆகிவிடுகிறது. பிரெஞ்சு ‘வூ’வோ அறிமுகமற்ற இரு பெரியவர்களுக்கிடையே இரு திசையிலும் செல்கிறது. வாடிக்கையாளர் விற்பனையாளருக்கும், விற்பனையாளர் வாடிக்கையாளருக்கும் அதையே சொல்கின்றனர். பல்கலைக்கழகத்தில் மாணவர் பேராசிரியரை ‘வூ’ என்பதோடு, பேராசிரியரும் மாணவரைப் பெரும்பாலும் ‘வூ’ என்றே அழைக்கிறார்.

இந்நிலை தொன்றுதொட்டு இருந்ததன்று. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் வைத்து ஆராய்ந்தது. முன்பு மேலோர் ‘த்யூ’ கொடுத்து ‘வூ’ பெற்றனர். காலப்போக்கில் இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் மேலோங்கியது. பிரெஞ்சுப் புரட்சி இதற்குக் குறுக்குவழி ஒன்றைத் தேடியது. 1793 வாக்கில் ‘மெஸ்யே’, ‘மதாம்’ ஆகிய விளிகள் ஒதுக்கப்பட்டுக் ‘குடிமகன்’, ‘குடிமகள்’ என்னும் பொருள்தரும் விளிகள் வந்தன. எல்லாரும் எல்லாரையும் ‘த்யூ’ என அழைக்க வேண்டும் என்ற குரலும் வலுத்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. அனைவரையும் ‘நீ’ ஆக்கும் சமத்துவம் தோற்ற இடத்தில், அனைவரையும் ‘நீங்கள்’ ஆக்கும் சமத்துவம் மெல்ல வேரூன்றியது. திருமணமாகாத பெண்ணைத் தனித்துக் காட்டும் ‘மத்முவாசெல்’ என்ற விளியை அரசுப் படிவங்களிலிருந்து நீக்குமாறு 2012 பிப்ரவரியில் பிரதமர் பிரான்சுவா ஃபியோன் சுற்றறிக்கை விடுத்ததையும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகக் காணலாம்.

ஆயினும் இந்த ‘வூ’ எல்லாருக்கும் கிட்டிவிடவில்லை. 1960 ஜூன் 30 அன்று, பெல்ஜிய மன்னர் போதுவானின் முன்னிலையில் கொங்கோவின் விடுதலை நாள் உரையை ஆற்றிய பத்ரீஸ் லுமும்பா, அடிமைப்பட்ட காலத்தின் அவமதிப்புகளை அடுக்கும்போது இந்தச் சொல்லையும் மறக்கவில்லை. கறுப்பரை ‘த்யூ’ என்று அழைத்தது நட்பினால் அன்று, மதிப்புக்குரிய ‘வூ’ வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் என்று அவர் நினைவூட்டினார். நிலப்பறிப்பையும் சிறைக்கொடுமையையும் பேசிய அதே உரையில் ஒரு முன்னிலைப் பெயருக்கும் இடமிருந்தது. பிரான்சில் 2014 முதல் நடைமுறையில் உள்ள காவல்துறை நடத்தை நெறி, பொதுமக்களிடம் ‘வூ’ பயன்படுத்துவதைக் கடமையாக்குகிறது. தானாகவே எல்லாருக்கும் கிடைத்துவந்த சொல்லாயின் அதை விதியாக எழுத வேண்டிய தேவை இருந்திராது. 2018 ஜூனில் தம்மை ‘மனு’ என்று செல்லப்பெயரால் அழைத்த பள்ளி மாணவரைக் குடியரசுத் தலைவர் எம்மானுவேல் மக்ரோன் பலர் முன்னிலையில் திருத்தினார். ‘மெஸ்யே’ என்று அழைக்கச் சொன்ன அவர் அந்த மாணவரை ‘த்யூ’ என்றே விளித்தார். சிறுவரிடம் பெரியவர் அப்படிப் பேசுவது அங்கு வழக்கம்தான். எனினும் மரியாதையைக் கேட்டுப் பெறும் சொல்லும் கொடுக்கும் சொல்லும் வேறாயிருந்தது பலர் கவனத்துக்கு வந்தது.

இந்திய வகுப்பறையில் இப்பாடம் பெரும்பாலும் நேர்முகத் தேர்வு, இயக்குநருடன் சந்திப்பு, தூதரக அலுவலர் என்று மேல்நோக்கிய உரையாடல்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்படுகிறது. அவ்வாறு பயின்ற மாணவர், தம் மொழியில் முன்பே இருக்கும் படிநிலைக்குப் பிரெஞ்சு உடை உடுத்திக்கொள்கிறார். புதிதாக எதையும் கற்பதில்லை. துப்புரவுப் பணியாளர், வாயிற்காவலர், உணவகப் பரிமாறுநர் ஆகியோரிடம் ‘போன்ஜூர் மதாம்’, ‘போன்ஜூர் மெஸ்யே’ என்று தொடங்கி ‘வூ’வில் தொடரும் உரையாடல்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தால் அச்சொல்லின் முழுப்பொருள் விளங்கும். அவ்வகுப்பு முடிந்து வெளியே வருபவர், வளாகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணியிடம் தமிழிலோ இந்தியிலோ தெலுங்கிலோ வழி கேட்கும்போது எந்த முன்னிலைப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அப்பாடத்துக்கான தேர்வு.