பிடியரிசிக் கலயம்

எங்கள் ஆயா உலைக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையிலிருந்த மண்கலயத்தில் போட்டுவிடுவாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெசவாளர் தெரு எங்களுடையது. விடிந்தும் விடியாமலும் குழித்தறிகள் சடக் சடக்கென்று ஆரம்பித்துவிடும். பாவுக்குப் போட்ட கஞ்சி வாடையும் சாய நெடியும் முந்திரி விறகுப் புகையும் ஒன்றாய்க் கலந்து தெருவில் நிற்கும். அத்தனை சத்தத்திலும் கலயத்தில் அரிசி விழுகிற சன்னமான ஓசை, பாயில் புரண்டுகொண்டிருக்கும் எனக்குத் தனியாகக் கேட்கும். கூலி வராத வாரங்களிலும் அது நின்றதில்லை. "நமக்கே பத்தல, இதுல தருமம் வேறயா?" என்பார் தாத்தா. ஆயா பதில் பேசமாட்டாள். அன்றைக்கு அவள் தட்டில் ஒரு கரண்டி சோறு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். சித்தப்பா இளவயதில் காய்ச்சலில் போன பிறகு ஆயாவுக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்றாம். ராத்திரியெல்லாம் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவாளாம். மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்தார்கள். கடைசியில், வள்ளலாரைப் போல வெள்ளை வேட்டியால் தலையை மூடியிருக்கும் சன்மார்க்க சங்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அழாதேன்னு சொல்லமாட்டேம்மா. தினம் ஒரு பிடி எடுத்து வை. பூசத்துக்கு வடலூர்ல கொண்டுபோய்ப் போடு. சாப்பிடறவங்க முகத்த நின்னு பாரு" என்றாராம்.

அப்படித்தான் தைப்பூசத்துக்கு நாங்கள் அரிசி மூட்டையோடு வடலூர் போவது வழக்கமாயிற்று. பொரிகடலைக் கடைகளும் வளையல் கடைகளும் கரும்புக் கட்டுகளும் தாண்டி, எண்கோணமாய் நிற்கும் சத்திய ஞானசபை முன்னால் ஜனத்தோடு ஜனமாய் நிற்போம். அப்பா தோளில் உட்கார்ந்தபடி, கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு என்று திரைகள் ஏழும் ஒவ்வொன்றாய் விலகுவதை எண்ணிக்கொண்டே இருப்பேன். கடைசித் திரை விலகிச் சோதி தெரிகிற நேரம் பார்த்து எல்லோர் கையும் மேலே எழும்பிக் கண்ணை மறைத்துவிடும்.

ஆயாவுக்கு மனசெல்லாம் தருமசாலையில்தான். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே அணையாமல் எரிகிறது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கொண்டுவந்து போடுகிற அரிசியும் காய்கறியும் அதில் வெந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சோறாகிறது. யார், எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்வியே கிடையாது. உயிர்களின் பசியை ஆற்றுவதை எல்லா வழிபாட்டுக்கும் மேலாக வைத்தவர் வள்ளலார். எங்கள் அரிசியும் அந்தக் குவியலில் விழுந்ததும் ஆயா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, பந்தி ஓரத்தில் தூணைப் பிடித்தபடி நின்றுவிடுவாள். சூடான சோற்று மணமும் சாம்பார் ஆவியும் எழ, இலையில் குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வீட்டில் எப்போதும் இறுகியிருக்கும் அவளுடைய தாடை அப்போது தளர்ந்து, முகம் சின்னப் பெண்ணுடையதாகிவிடும். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, அரிசிமூட்டை கட்டிய துணியை மடியில் வைத்தபடி அயர்ந்து தூங்குவாள்.

ஆயா அங்கே சித்தப்பாவைத்தான் தேடுகிறாள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அதனால் நானும் கூடத்துப் படத்திலிருந்த அந்தச் சுருட்டைமுடியையும் அகன்ற நெற்றியையும் வரிசை வரிசையாகத் தேடினேன். கிடைக்காமல், "ஆயா, இதுல சித்தப்பா யாரு?" என்று கேட்டேவிட்டேன்.

ஆயா என் தலையில் கைவைத்தாள். "அதோ, அவரா இருக்கும். பக்கத்துல இருக்கிறவராவும் இருக்கும். போ, போயி எல்லாருக்கும் தண்ணி ஊத்து."

தளும்பத் தளும்ப ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் இலையில் பல்லில்லாத ஒரு கிழவர். தம்ளரை நீட்டிக்கொண்டே, "எந்தூரு தம்பி, எத்தினாவது படிக்கிற?" என்று விசாரித்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டார்.